நோய்காவி என்னும் பட்டம்

தம்புள்ளையிலிருந்து நாலந்தா வழியாக மாத்தளைக்கு வரும் நெடுஞ்சாலைக்கு ஒரு பழைய சரித்திரம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, தென்னிந்தியாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஆள்கட்டி அழைத்து வரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டினூடே கால்நடையாக வந்து சேர்ந்த வழி அது. குடிப்பதற்கு நல்ல நீரில்லை, ஒதுங்குவதற்குக் கூரையில்லை. வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் அவர்களிற் பலரைச் சாலையோரத்திலேயே சாய்த்துவிட்டன. ஆயினும், அக்காலத்து ஆட்சியாளரும் தோட்டத் துரைமாரும் இம்மக்களை நோயால் மடிந்தவர்களாகப் பார்த்ததிலும் நோயைக் கொண்டு வந்தவர்களாகப் பார்த்ததே அதிகம். பிற்காலத்தில் மண்டபத்திலே தனிமைப்படுத்தும் முகாம் அமைத்து, கப்பலேறுமுன் அவர்களை நாட்கணக்கில் அடைத்து வைத்ததும் இந்தப் பார்வையின் விளைவே. வழிநெடுக ஒரு கிணறு வெட்டுவதைக் காட்டிலும், வழிநடந்தவனை நோய்காவி என்று பெயரிடுவது மலிவாக இருந்தது.

இந்தப் பட்டம் ஒருவர் தலையிலிருந்து இறங்கினால் இன்னொருவர் தலையில் ஏறும் தன்மையது. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் கொரோனாத் தொற்றுப் பரவியபோது அது வௌவாலின்மீது வந்து அமர்ந்தது. பல நாடுகளில் வௌவால் தங்கும் மரங்களை வெட்டவும் குகைகளுக்குத் தீயிடவும் மக்கள் முற்பட்டனர். மேற்கூறிய நெடுஞ்சாலைக்கு மேற்கே, கலேவெலைப் பக்கத்தில் உள்ள வஹகோட்டை போன்ற ஊர்களிலே, மாலை மங்கியதும் பழந்தின்னி வௌவால்கள் தென்னை உயரத்தில் வரிசையாகப் பறந்து செல்வதைக் காண்பது சாதாரணம். அவற்றைப் பார்த்து, ‘இவை நமக்கு நோய் தருமா?’ என்று ஒரு மாணவன் கேட்டால் ஆசிரியராகிய நாம் என்ன விடை சொல்வது? தரும் என்பதும் தராது என்பதும் பாதி விடைகளே. மீதிப் பாதியைச் சரித்திரத்திலேதான் தேட வேண்டும்.

நமக்கு மிக அண்மையில் உள்ள சான்றிலிருந்து தொடங்குவோம். பேராதனைத் தாவரவியற் பூங்காவின் உயர்ந்த மரங்களிலே ஆயிரக்கணக்கான பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்குவதைக் கண்டியைச் சுற்றிப் பார்க்கப் போனவர் எல்லாரும் கண்டிருப்பர். 2014, 2015ஆம் ஆண்டுகளில் அங்கே நோயுற்றும் இறந்தும் வீழ்ந்த வௌவால்களின் மூளையைப் பரிசோதித்த இலங்கை, இங்கிலாந்து ஆய்வாளர்கள், சிலவற்றிலே நீர்வெறுப்பு நோயின் வைரசுக்கு நெருங்கிய உறவான ஒன்றைக் கண்டனர். அதன் பரம்பரையலகுத் தொடரை முழுமையாக வாசித்தபோது, அது முன்னர் உலகில் எங்கும் பதிவாகாத புதிய இனம் என்று தெரிந்தது. 2016ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று. பூங்காவை வளைத்தோடும் மகாவலியின் மறுகரையிலே, கால்நடை ஆராய்ச்சி நிலையம் அமைந்த கன்னொறுவையின் பெயரே வைரசுக்கும் இடப்பட்டது.

கன்னொறுவை என்றதும் சரித்திரம் படித்தவர்க்கு 1638ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். இரண்டாம் இராசசிங்கனின் படை போர்த்துக்கீசரை அங்கேதான் முறியடித்தது. வஹகோட்டையின் கத்தோலிக்கக் குடிகளோ, கண்டி மன்னரின் ஆட்சிக்குள் வந்து சேர்ந்த போர்த்துக்கீசரின் வழியினர் என்பது அவ்வூர் வழக்கு. போரில் தோற்றவனின் சந்ததியும் ஊரோடு ஊராகக் கலந்து, அந்தோனியார் கோயிலைக் கட்டி, சிங்களம் பேசி வாழ்கிறது. அந்நியன் என்ற பட்டம் எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதற்கு அதுவும் ஓர் உதாரணம்.

நிற்க. கன்னொறுவை வைரசினால் மனிதர் எவரேனும் மாண்டதாகப் பதிவு இல்லை. உலகில் நீர்வெறுப்பு நோயால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இறப்பதாகக் கணிக்கப்படுகிறது. அவர்களிலே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு நோய் வந்த வழி நாய்க்கடி. இறப்பவர்களிற் பெரும்பாலோர் ஆசிய, ஆபிரிக்க நாடுகளின் கிராமத்து ஏழைகள். அவர்களுள்ளும் சிறுவர் மிகப் பலர். தடுப்பு மருந்து கண்டுபிடிக்கப்பட்டு நூற்று நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. தென்னிந்தியாவுக்கு அது வந்த கதையும் அறியத்தக்கதே. 1902ஆம் ஆண்டில் ஓர் ஆங்கிலப் பெண்மணி விசர்நாய்க் கடியால் இறந்தாள். அதன் பின்னரே குன்னூரில் பாஸ்டர் நிலையம் அமைக்கும் முயற்சி சூடுபிடித்து, 1907ஆம் ஆண்டில் நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு முன் அதே நாய்களால் கடியுண்டு மாண்ட தமிழ்க் குடியானவர் எத்தனை பேர் என்று எவரும் எண்ணி வைக்கவில்லை.

கன்னொறுவை வௌவால்கள் இன்னொன்றையும் நமக்குச் சொல்லுகின்றன. வௌவாலுக்கு நோயே வராது என்று இக்காலத்துச் செய்தித்தாள்கள் எழுதுவது சரியன்று. இவை நோயுற்று வீழ்ந்த வௌவால்கள். வட அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டில், நியூயோர்க் மாநிலத்துக் குகையொன்றிலே முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ‘வெண்மூக்கு’ நோய் என்னும் பூஞ்சண நோய், குளிர்காலத்தில் உறங்கும் வௌவால்களை இலட்சக்கணக்கிற் கொன்றொழித்தது. அதே பூஞ்சணத்தோடு ஐரோப்பிய வௌவால்கள் நீண்டகாலமாக வாழ்ந்து வருகின்றன, அவை அழியவில்லை. புதிய நோயை முதன்முதலாகச் சந்திக்கும் குடித்தொகைக்கும், தலைமுறை தலைமுறையாக அதனோடு பொருதிப் பழகிய குடித்தொகைக்கும் உள்ள வேறுபாடு இது.

ஆனால், வைரசுகளைப் பொறுத்தவரையில் வௌவாலிடம் ஒரு விசேடத் தன்மை இருப்பது மெய்யே. மனிதரைக் கொல்லும் பல வைரசுகள் அதன் உடலிலே பெருந்தீங்கு செய்யாமல் தங்கியிருக்கின்றன. இது எவ்வாறு இயலும்? முலையூட்டிகளுள் சிறகடித்துப் பறப்பது வௌவால் ஒன்றே. பறக்கும்போது அதன் உடல் சக்தியைப் பன்மடங்கு வேகமாக எரிக்கிறது. அவ்வேகத்திலே கலங்களின் பரம்பரைப் பொருள் சிதைந்து துணுக்குகளாகக் கசிய இடமுண்டு. அத்துணுக்குகளை வைரசு என்று மயங்கி உடல் ஒவ்வொரு முறையும் போர் தொடுக்குமாயின், வௌவால் தன் அழற்சியாலேயே அழிந்து போகும். ஆகவே, கூர்ப்பின் நெடும்பாதையில் இந்த எச்சரிக்கைப் பொறிமுறை தணிக்கப்பட்டது என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர். 2013ஆம் ஆண்டில் இரு வௌவால் இனங்களின் பரம்பரைத் தொடர் வாசிக்கப்பட்டபோது, அழற்சியைத் தூண்டும் ஒரு பரம்பரையலகுக் குடும்பமே அவற்றில் இல்லாதிருப்பது புலனாயிற்று. 2018ஆம் ஆண்டில் சீன, சிங்கப்பூர் ஆய்வாளர்கள், எச்சரிக்கைச் சங்கிலியின் முக்கியமான புரதமொன்றில் ஒரேயோர் அமினோவமிலம் மாறியிருப்பதால் அதன் வேகம் குறைந்திருப்பதைக் காட்டினர்.

தணிப்பு மட்டும் இருந்தால் வைரசு பெருகி வௌவாலைத் தின்றுவிடுமே என்று வாசகர் கேட்கலாம். அதற்கு மறுபக்கம் உண்டு. வைரசை ஆரம்பத்திலேயே மறிக்கும் ‘இன்டர்பெரோன்’ என்ற புரதங்கள், மனித உடலில் நோய் வந்த பின்னரே சுரக்கின்றன. அவுஸ்திரேலியக் கருநிறப் பழந்தின்னி வௌவாலிலோ, அவ்வகையைச் சேர்ந்த சில நோயில்லாதபோதும் ஓயாது சுரந்து கொண்டிருப்பதை 2016ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. காவல் எப்போதும் விழித்திருக்கிறது. கலவரம் மட்டும் இல்லை. எல்லா வௌவால்களும் ஒரே முறையைக் கையாளுகின்றன என்றும் கொள்ளலாகாது. உலகில் 1,400க்கு மேற்பட்ட வௌவால் இனங்கள் உண்டு. எகிப்தியப் பழ வௌவாலின் பரம்பரை அமைப்பு அவுஸ்திரேலிய இனத்தினின்றும் பெரிதும் வேறுபடுகிறது. இரண்டு நாடுகள் வெவ்வேறு அரசியலமைப்பினாற் சமாதானத்தை அடைவது போன்றது இது. நம்மைக் கொல்வது பல வேளைகளில் வைரசு மட்டுமன்று, அதற்கெதிராக நம் உடல் மூட்டும் கட்டுக்கடங்காத அழற்சியுமே என்பதை நினைத்தால், இந்த ஆராய்ச்சியிலிருந்து மருத்துவம் கற்கவேண்டியது நிறைய உண்டு.

சமாதானம் என்றோம். அதற்கும் நிபந்தனை உண்டு. அந்நிபந்தனையை மனிதன் எவ்வாறு முறித்தான் என்பதே நம் கட்டுரையின் சரித்திரப் பகுதி.

1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மலேசியாவின் ஈப்போ நகரையடுத்த பன்றிப் பண்ணைகளிலே தொழிலாளர் மூளைக்காய்ச்சலால் வீழ்ந்தனர். நுளம்பினாற் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இது என்று அரசாங்கம் முடிவு கட்டியது; நுளம்புக்குப் புகையடித்தது; தடுப்பூசி போட்டது. ஆனால், அந்நோய் வழக்கமாகச் சிறுவரையே தாக்கும். இங்கே வீழ்ந்தவரோ பண்ணையில் உழைக்கும் வளர்ந்த ஆண்கள். ஊசி போட்டவரும் இறந்தனர். நுளம்பு அயல்வீட்டாரைக் கடியாமல் பன்றியைத் தொட்டவனை மட்டும் தேடிக் கடித்ததா? போதாக்குறைக்குப் பன்றிகளே உரத்து இருமி மடிந்தன. பண்ணையாட்கள் இதையெல்லாம் கண்ணாற் கண்டவர்கள். ஆயினும் அதிகார முடிவு மாறுவதற்கு மாதங்கள் சென்றன. அதற்குள் விலை சரியுமுன் விற்றுவிடும் அவசரத்தில் நோய்ப் பன்றிகள் லொறியேறித் தெற்கே நெகிரி செம்பிலான் மாநிலத்துக்குப் போயின. அங்கே சாவு பெருகிற்று. சிங்கப்பூரின் இறைச்சிக் கூடத் தொழிலாளருக்கும் தொற்றியது. 1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்து இளம் வைரசு ஆய்வாளர் சுவா காவ் பிங், நோயாளியொருவரிடமிருந்து பெற்ற மாதிரியில் புதிய வைரசொன்றைப் பிரித்தெடுத்தார். நோயாளியின் ஊர் சுங்கை நிபா. வைரசின் பெயர் நிபா. மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் மாண்டனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

வைரசின் இயற்கை இருப்பிடம் பழந்தின்னி வௌவால் என்று பின்னர் உறுதியாயிற்று. அப்படியாயின் வௌவாலே குற்றவாளி அல்லவா? நோய் தொடங்கிய பண்ணையை நோக்குவோம். அங்கே ஒரே தொழுவத்தொகுதியில் பல்லாயிரம் பன்றிகள் அடைத்து வளர்க்கப்பட்டன. அதே நிலத்திலே, மேலதிக இலாபத்துக்காக, தொழுவத்தை அணைத்தாற்போல மாமரங்கள் நடப்பட்டிருந்தன. வௌவால் மாம்பழத்தைக் கடித்தது, எச்சிற் பழம் தொழுவத்துள் விழுந்தது, பன்றி தின்றது. ஊர்க் கொல்லையில் நாலு பன்றி வளர்ப்பவனிடத்தில் இது நேர்ந்திருந்தால், நாலும் செத்தோ பிழைத்தோ அத்தோடு முடிந்திருக்கும். பெரும்பண்ணையிலோ, முதல் அலையில் தப்பிய பன்றிகள் நிர்ப்பீடனம் பெற்றபோதும், நாள்தோறும் பிறக்கும் நிர்ப்பீடனமற்ற குட்டிகள் வைரசுக்குப் புது விறகாக வந்து கொண்டேயிருந்தன. பண்ணைப் பதிவேடுகளை ஆராய்ந்து 2012ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இதைக் கணக்கிட்டுக் காட்டியது. வைரசை அங்கே வாழவைத்தது பண்ணையின் பரிமாணம்.

மாத்தளையில் இதற்கு ஒரு பழைய இணை உண்டு. காட்டை அழித்து மலைமுழுதும் ஒரே இனக் கோப்பியை நெருக்கி நட்டனர் துரைமார். 1869ஆம் ஆண்டில் இலங்கையிற் காணப்பட்ட இலைத்துரு நோய், இருபதாண்டுக்குள் அத்தொழிலையே துடைத்துவிட்டது. பரம்பரையால் ஒன்றுபோன்றவற்றை நெருக்கி வைத்தால், ஒன்றைக் கொல்வது எல்லாவற்றையும் கொல்லும். தோட்ட முதலாளி தேயிலைக்கு மாறினான். கூலி பாக்கியோடு தெருவில் நின்றவன் தொழிலாளி.

அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த சான்று இன்னும் வலியது. 1994ஆம் ஆண்டில், பிரிஸ்பேன் நகரின் ஹென்ட்ரா என்ற புறநகரிலே பந்தயக் குதிரைகள் பலவும் அவற்றின் பயிற்றுநரும் புதியதொரு வைரசால் இறந்தனர். அதுவும் பழந்தின்னி வௌவாலிடமிருந்து வந்ததே. ஏன் சில ஆண்டுகளில் மட்டும் அது குதிரைக்குத் தாவுகிறது? 1996 முதல் 2020 வரையிலான இருபத்தைந்து ஆண்டுத் தரவுகளைத் திரட்டி, 2022ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் குழு விடை கண்டது. குளிர்காலத்திற் பூத்து வௌவாலுக்குத் தேன் தரும் யூக்கலிப்டஸ் காடுகள் பெரும்பாலும் வெட்டப்பட்டுவிட்டன. பூவற்ற குளிர்காலத்தில் பட்டினி கிடக்கும் வௌவால்கள் சிறு கூட்டங்களாகப் பிரிந்து, பண்ணைகளையும் நகர்த் தோட்டங்களையும் நாடி வருகின்றன. அக்காலத்திலேயே அவற்றின் சிறுநீரில் வைரசு மிகுதியாக வெளியாகிறது, குதிரைகளும் நோயுறுகின்றன. 2020ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், எஞ்சிய காடொன்று பெரிதாகப் பூத்தது. வௌவால்கள் பண்ணைகளை விட்டு அங்கே திரண்டன. அவ்வாண்டு தாவல் நின்றது.

பசித்த உடல் நோயை அடக்கி வைக்க மாட்டாது என்பது உழைக்கும் மக்களுக்குப் புதிய செய்தியன்று. விலங்குக்கும் அதுவே விதி. வௌவால் தன் வைரசோடு செய்துகொண்ட சமாதானத்துக்கு வயிறு நிரம்பியிருப்பதும் ஒரு நிபந்தனை.

நம் பக்கத்துக்கு வருவோம். 2001ஆம் ஆண்டில், வங்காளத்துச் சிலிகுரியில் பெயர் தெரியாத காய்ச்சலால் 66 பேர் வீழ்ந்து 45 பேர் இறந்தனர். அது நிபா என்பது பின்னரே தெரிந்தது. அவர்களிற் பெரும்பாலோருக்கு நோய் தொற்றியது வௌவாலிடமிருந்தன்று, மருத்துவமனையிலிருந்து. ஊழியரும் நோயாளரைப் பார்க்க வந்த உறவினருமே பலியாயினர். 2018ஆம் ஆண்டு மேயில், கேரளத்துக் கோழிக்கோட்டில் அதே கதை. முதல் நோயாளிக்கு எவ்வாறு தொற்றியது என்பது நிறுவப்படவில்லை. அவரிடமிருந்தோ மருத்துவமனைகளின் நெரிசலில் பலருக்குப் பரவியது. நோயுற்ற 19 பேரில் 17 பேர் இறந்தனர். அவர்களுள் ஒருவர் பேராம்பிரை மருத்துவமனைத் தாதி லினி. அந்நாட்களில் ஒரு வீட்டுக் கிணற்றில் இருந்த வௌவால்களே காரணம் என்று செய்தி பரவியது. பரிசோதித்தபோது அவை பூச்சியுண்ணும் வௌவால்கள். அவற்றில் வைரசு இல்லை. பின்னர் பழந்தின்னி வௌவால்களிலேயே அது காணப்பட்டது. எந்த வௌவால் என்று கேட்கவும் பொறுமையில்லாத அவசரத்தில்தான் நாம் தீர்ப்பு வழங்குகிறோம்.

எனினும் கேரளம் கற்றுக்கொண்டது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. 2019, 2021, 2023, 2024 என மீண்டும் மீண்டும் நோய் தலைகாட்டியபோதும், நோயாளரோடு பழகியவரைத் தேடிக் கண்டு தனிமைப்படுத்தியதாலும் விரைவான பரிசோதனையாலும் அது பெரிதாகப் பரவாமல் நின்றது. பொதுச் சுகாதாரத்துக்கு முதலிட்ட சமூகம் தன் மக்களைக் காக்க வல்லது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இலங்கையிலும் தேடல் நடந்துள்ளது. வெல்லவாயப் பகுதியில் ‘வவுல் கல்கே’ என்ற குகை உண்டு. வௌவாற் கற்குகை என்பதே அதன் பொருள். கொரோனாத் தொற்று வருமுன்னரே, 2018, 2019ஆம் ஆண்டுகளில், இலங்கை ஆய்வாளரும் ஜெர்மனியின் ரோபர்ட் கோக் நிலையத்தாரும் அங்கே மாதிரிகள் எடுத்தனர். இரண்டு வௌவால் இனங்களிலே கொரோனாக் குடும்பத்து வைரசுகள் இருந்தன. ‘வௌவால் வீட்டுக்கு வௌவால் வந்தால் நீயும் தொங்கு நானும் தொங்கு’ என்பது நம் பழமொழி. அவ்வாறு பல இனங்கள் ஒரே கூரையில் நெருங்கித் தொங்கும் குகையிலே வைரசுகள் பல இருப்பது வியப்பன்று. அங்கே இருப்பதும் நம்மிடம் வருவதும் ஒன்றல்ல. இடையிலே எத்தனையோ கதவுகள் உள.

கதவைச் சாத்துவதற்குப் பதிலாக வீட்டையே கொளுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு உகண்டாவின் கிட்டாக்காச் சுரங்கம் சாட்சி. 2007ஆம் ஆண்டில் அங்கே சுரங்கத் தொழிலாளருக்கு மார்பர்க் என்னும் கொடிய நோய் கண்டது. வௌவால்களே காரணம் என்று, வாயிலை வலையால் அடைத்து அவற்றை முற்றாக ஒழித்தனர். நாளடைவில் புதிய வௌவால்கள் குடிபுகுந்தன. 2012ஆம் ஆண்டில் அயலூரில், அந்நாடு அதுவரை கண்டிராத பெரிய மார்பர்க் பரவல் எழுந்தது. சுரங்கத்தைச் சோதித்தபோது, முன்னே நூற்றுக்கு 5 அளவில் இருந்த தொற்று 13க்கு ஏறியிருந்தது. நிர்ப்பீடனம் பெற்ற பழைய குடிகளை அழித்து, நிர்ப்பீடனமற்ற புதுக்குடிகளை வரவழைத்ததே இதற்குக் காரணம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

தமிழ்நாட்டின் தோப்புப்பட்டி, சாம்பட்டி என்னும் சிற்றூர்களிலே, ஆலமரத்து வௌவால்கள் அஞ்சி அகலும் என்று தீபாவளிக்கும் மக்கள் வெடி கொளுத்துவதில்லை. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமோ, பழந்தின்னி வௌவாலை எவரும் கொல்லத்தக்க பீடையென எழுதி வைத்திருந்தது. அந்தப் பீடை அட்டவணை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலேதான் நீங்கிற்று. ஐம்பதாண்டு பிந்தியேனும் சட்டம் அந்தக் குடியானவரிடம் வந்து சேர்ந்தது என்று கொள்வோம்.

இனி, மாணவனின் கேள்விக்கு நாம் வகுப்பிலே சொல்லவேண்டியது. மரத்தடியில் வீழ்ந்து கிடக்கும் வௌவாலைக் கையால் எடுக்கலாகாது. அது நோயுற்றிருக்கக் கூடும். கடியோ கீறலோ பட்டால், காயத்தை ஓடும் நீரிலே சவர்க்காரமிட்டுக் கால் மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். கன்னொறுவை வைரசு, இப்போதுள்ள நீர்வெறுப்புத் தடுப்பு மருந்து காக்கும் என்று எதிர்பார்க்கத்தக்க கிளையைச் சேர்ந்தது. வௌவால் கடித்த பழத்தை மனிதரும் உண்ணலாகாது; மாட்டுக்கோ பன்றிக்கோ போடவும் ஆகாது. தொழுவத்தின்மேற் கவிழ்ந்து பழுக்கும் மரமிருந்தால் தொழுவத்தை நகர்த்துவது நன்று. மருந்து கிராமத்து மருத்துவமனையிலே இருக்கிறதா என்று கேட்டறிவது பெற்றோர் வேலை. இல்லையேல் ஏன் இல்லை என்று கேட்பதும் அவர்கள் வேலையே.